பிரேக்கை மாற்ற வேண்டிய நேரம் எது?

மகிழுந்தை நகர வைப்பது இயந்திரம். அதனை உரிய இடத்தில் நிற்க வைப்பது பிரேக். இயந்திரம் பழுதானால் வாகனம் சாலையோரத்தில் நின்றுவிடும். பிரேக் பழுதானாலோ நிற்க வேண்டிய வாகனம் நிற்காது. ஆகவே, தேய்ந்த பிரேக்கை எப்போது மாற்ற வேண்டும் என்பதை வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்தும்போது, குழாய்களில் உள்ள பிரேக் எண்ணெய் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. அங்குள்ள பிஸ்டன், பிரேக் கட்டைகளைத் தள்ளுகிறது. அவை சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இறுகப் பற்றுகின்றன. அப்போது ஏற்படும் உராய்வினால் வாகனத்தின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி, வேகம் குறைகிறது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்தை நிறுத்தும்போது, 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது உண்டாவதைவிட நான்கு மடங்கு வெப்பம் உண்டாகிறது. இவ்வாறு ஒவ்வொரு முறையும் கட்டைகள் சிறிது சிறிதாகத் தேய்கின்றன.

இத்தேய்மானத்தைக் காலால் உணர்வது கடினம். கட்டை தேயத் தேய, பிஸ்டன் முன்னே நகர்ந்து இடைவெளியை ஈடுசெய்துவிடும். அதனால், கட்டை மெலிந்த பிறகும் மிதி முன்பு போலவே இருக்கும். ஓடிய தூரத்தை மட்டும் வைத்தும் முடிவு செய்ய இயலாது. கோலாலம்பூரின் நெரிசலில் அடிக்கடி நின்று செல்லும் மகிழுந்தின் கட்டைகள் விரைவில் தேயும். நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும் மகிழுந்தின் கட்டைகள் நீண்ட காலம் உழைக்கும். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து வருபவரின் கட்டைகள் மிகுந்த சூட்டுக்கு உள்ளாகும்.

அப்படியானால், எதனை நம்புவது? அளவைத்தான் நம்ப வேண்டும். பொதுவாக, புதிய கட்டையின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்றுவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். 2 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் சிறிதும் தாமதிக்கக்கூடாது. வெளிப்புறக் கட்டையைவிட உட்புறக் கட்டை அதிகமாகத் தேய்ந்திருக்கலாம். ஆகவே, சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்ப்பதே முறையாகும். தட்டுக்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. அது பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

சில அறிகுறிகளும் நம்மை எச்சரிக்கும். பல கட்டைகளில் ஒரு சிறு உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். கட்டை மெலிந்ததும் அது தட்டில் உரசிக் கீச்சென ஒலிக்கும். ஆனால், எல்லா ஓசையும் ஆபத்தன்று. இரவு மழையில் நனைந்த தட்டில் மெல்லிய துரு படியும். காலையில் சில முறை பிரேக்கை மிதித்ததும் அவ்வோசை மறைந்துவிடும். மாறாக, இரும்போடு இரும்பு உரசுவது போன்ற கரகரப்பு தொடர்ந்து கேட்டால், உராய்வுப் பகுதி முற்றிலும் தேய்ந்திருக்கக்கூடும். அந்நிலையில் வாகனத்தை ஓட்டுவது ஆபத்தானது.

பிரேக் எண்ணெயின் அளவும் ஓர் அறிகுறியாகும். கட்டைகள் தேயும்போது கலனில் எண்ணெய் மட்டம் மெல்லத் தாழும். காரணத்தை ஆராயாமல் எண்ணெயை ஊற்றி நிரப்புவது, எச்சரிக்கையை மறைப்பதற்கு ஒப்பாகும். மேலும், இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதி அழுத்தமின்றி உள்ளே போய்விடும். எனவேதான், வாகனக் கையேடு குறிப்பிடும் காலத்தில் எண்ணெயையும் மாற்ற வேண்டும்.

செலவுக்கு அஞ்சி மாற்றத்தைத் தள்ளிப்போடுவோர் உண்டு. ஆனால், தேய்ந்த கட்டை தட்டையும் கீறிக் கெடுத்துவிடும். பிறகு இரண்டையும் மாற்ற நேரிடும். அதே வேளையில், பட்டறையில் சொன்னவுடன் மாற்றிவிடவும் தேவையில்லை. “எத்தனை மில்லிமீட்டர் மீதமுள்ளது?” என்று கேட்டு, நேரில் பார்த்து முடிவு செய்யலாம். மாற்றும்போது ஒரே அச்சிலுள்ள இடம், வலம் ஆகிய இரு சக்கரங்களின் கட்டைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிடில், பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கமாக இழுக்கக்கூடும்.

மலேசியாவில் பேருந்து, கனவுந்து போன்ற வாணிக வாகனங்கள் குறித்த காலத்தில் சோதனைக்கு உட்பட வேண்டும். சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துகளுக்கோ அத்தகைய கட்டாயச் சோதனை இல்லை. ஆகவே, அவற்றின் பிரேக்கைக் கவனிக்கும் பொறுப்பு உரிமையாளரையே சாரும். அந்தப் பொறுப்பில் வாகனத்தில் இருப்போரின் உயிர் மட்டுமன்று, சாலையைக் கடக்கும் பிறரின் உயிரும் அடங்கியிருக்கிறது.