பொதுப் பெட்டியில் வரும் மலைவாசல்

மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணியைத் தாண்டிப் புறப்படும் மலை ரயில், கல்லாறு கடந்ததும் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி என்று ஒவ்வொன்றாகக் கடந்து லவ்டேலைத் தொடுவதற்குள் நண்பகல் நெருங்கிவிடும். உதகை வரை மொத்தம் 46 கிலோமீட்டர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சுற்றுலா வந்தவர்களுக்கு அந்த ஐந்து மணி நேரமும் கொண்டாட்டம். 1908இல் உதகையை எட்டிய இந்தப் பாதையை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இதே மலைக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது. தேயிலை பறிக்கவும் கவாத்து வெட்டவும், கேரட், பீட்ரூட் தோட்டங்களில் களை எடுக்கவும் ஜார்க்கண்ட், அசாம், பீகார், ஒடிசாவிலிருந்து வருகிற தொழிலாளர்கள் அவர்கள். மலை ரயிலின் ஜன்னலோர இருக்கைக்கு அவர்கள் போட்டியிடுவதில்லை. மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேர்வதற்குள்ளேயே இரண்டு இரவோ மூன்று இரவோ ரயிலில் கழிந்திருக்கும். மிச்ச வழியை பஸ்ஸில் நின்றபடி ஏறிவிடுகிறார்கள்.

உள்ளூர் இளைஞர்கள் திருப்பூர், கோவை என்று இறங்கிப் போய்விட்ட பிறகு, நீலகிரித் தோட்டங்களின் அன்றாடம் இந்தக் கைகளை நம்பித்தான் நடக்கிறது. அவர்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

இரண்டு இரவு, மூன்று இரவு

ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களுக்குப் பழகிய வண்டி தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ். ராஞ்சி, ரூர்கேலா, விஜயவாடா வழியாகத் தமிழகத்துக்குள் நுழைந்து கோவை வருவதற்கு இரண்டு இரவுகள் ஆகின்றன. அசாமிலிருந்து வருபவர்களுக்கு திப்ருகர் - கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ். 2011 நவம்பரில் தொடங்கிய இந்த வண்டிதான் நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். 4,100 கிலோமீட்டருக்கு மேல், 9 மாநிலங்கள், முழுதாக ஓடி முடிக்க 74 மணி நேரத்துக்கும் அதிகம். அதுவும் கோவை வழியாகத்தான் போகிறது.

இந்த வண்டிகளில் முன்பதிவு கிடைப்பது குதிரைக் கொம்பு. தோட்டத்திலிருந்து ஆள் வேண்டும் என்று போன் வந்த இரண்டு நாளில் கிளம்புகிறவருக்கு இரண்டு மாதம் முன்பே பதிவு செய்ய ஏது வழி? மிஞ்சுவது பொதுப் பெட்டி. அந்த டிக்கெட் வண்டியில் ஏறும் உரிமையைத் தரும், இருக்கையைத் தராது. சுமார் 90 பேர் உட்காரக்கூடிய பெட்டியில் அதைப்போல இருமடங்கு கூட்டம் ஏறுவது நெரிசல் காலங்களில் சாதாரணம்.

உள்ளே ஒரு வாளியைப் பார்க்கலாம். பெயிண்ட் காலியான 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, மூடியோடு. துணிமணி, ஆதார் நகல், அவல், வெல்லம், வறுத்த கடலை மாவு எல்லாம் அதற்குள் அடங்கும். இரவில் வாசலோரத்தில் கவிழ்த்துப் போட்டால் அதுவே நாற்காலி. வந்து சேர்ந்த பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குளிக்கத் தண்ணீர் பிடிப்பதும் அதே வாளியில்தான். மேலே, சாமான் வைக்கும் கம்பிகளுக்கு நடுவே போர்வையையோ சேலையையோ முடிச்சுப் போட்டுத் தூளி கட்டியிருப்பார்கள். அதில் ஒருவர் மூன்று மணி நேரம் தூங்குவார். பிறகு இறங்கி அடுத்தவருக்கு இடம் விடுவார். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேராகக் கிளம்புவது இந்த முறை வைப்பதற்காகவும்தான்.

கழிப்பறைக்குப் போகும் வழி ஆட்களாலும் மூட்டைகளாலும் அடைபட்டிருக்கும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். இதன் விலையை உடம்பு கொடுக்கிறது: தலைவலி, மயக்கம், சிறுநீர்த் தொற்று. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் இருமடங்காகிறது என்றது. விமானம் மட்டுமின்றி ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். அபாயம் மொத்தத்தில் சிறியதுதான். ஆனால் அங்கே பேசப்படுவது நான்கு மணி நேரம். இங்கே ஐம்பது மணி நேரம்.

வண்டி நின்ற பிறகு

ஓடுகிற வண்டியில் இவ்வளவு சிரமம் என்றால், வண்டியை விட்டு இறங்கிய பிறகு வருவது வேறு வகை. கோவையில் இறங்கி, மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ உதகைக்கோ பஸ் மாறி, கடைசியாக எஸ்டேட் வரை ஜீப்போ நடையோ. வண்டி தாமதமாகி நடுஇரவில் இறங்கினால் விடியும் வரை நடைமேடையே படுக்கை. மொழி தெரியாது, கையில் காசு குறைவு, போனில் சார்ஜ் இருக்காது. சமவெளியின் வெக்கையில் இரண்டு நாள் கிடந்த உடம்பு, மெல்லிய சட்டையோடு நீலகிரிக் குளிரில் இறங்குகிறது. மறுநாளே வேலை.

குறைந்த காசில் நெடுந்தூரம் போகிறவரை அதிகமாக வதைப்பது இந்த இடைநிறுத்தங்கள்தான். வரலாற்றிலும் இந்த மலைக்கு வந்தவர்களின் கதை அப்படியே இருக்கிறது.

மண்டபம் வழியாக வந்தவர்கள்

1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. 1974இல் மேலும் 75,000 பேர் சேர்க்கப்பட்டனர். அடுத்த ஆண்டுகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

பரம்பரையாகத் தேயிலை பறித்த மலையை விட்டு ரயில் ஏறி, அநுராதபுரம் கடந்து தலைமன்னார். வழியனுப்ப வந்தவர்களின் ஓலத்தால் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் நிலைத்தது. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கத்தின் நூல் ஒன்றுக்கும் அதுவே தலைப்பு. தலைமன்னார் துறையில் சுங்கச் சோதனைக்கு வரிசை. பிறகு 'இராமானுஜம்' கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் மறுபடி காத்திருப்பு. ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த அதே முகாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திரும்பியபோதும் வாசலாக நின்றது. அங்கே குடும்ப அட்டை பெற்று, எந்த ஊர் என்று ஒதுக்கப்பட்ட பிறகுதான் ரயிலும் பஸ்ஸும் ஏறி நீலகிரி.

இவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு அது 'டான்டீ' என்ற அரசு நிறுவனம் ஆனது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் 'சிலோன்காரர்கள்' குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் பறித்த செடிகளில்தான் இன்று ஜார்க்கண்ட் பெண்கள் கொழுந்து கிள்ளுகிறார்கள்.

செய்யக்கூடியவை

சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2023இல் ரயில்வே, பொதுப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே 20 ரூபாய்க்குப் பூரி, கிழங்கு விற்கத் தொடங்கியது. அதே ஆண்டின் கடைசியில், ஏசி இல்லாத நெடுந்தூர வண்டியாக அம்ரித் பாரத் எக்ஸ்பிரஸ் அறிமுகமானது. மால்டாவிலிருந்து பெங்களூருக்கு வரும் வண்டி அதில் ஒன்று. இந்த வண்டிகளின் பொதுப் பெட்டியில் செல்போன் சார்ஜ் செய்யும் வசதி உண்டு; பொதுப் பயணிக்கும் அது வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதே ஆறுதல்.

பயணிகளும் தங்களைக் காத்துக்கொள்ள முடியும். மாணவரோ, வேலை தேடிப் போகிறவரோ, யாராக இருந்தாலும் சரி: உப்பு - சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு, கெடாத உணவு, ஒரு கம்பளித் துணி கையோடு இருக்கட்டும். பெரிய நிலையங்களில் வண்டி நிற்கும்போது இறங்கி இரண்டு நிமிடம் நடங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

ஆனால் இதற்கு மேல் தனிமனிதரால் செய்ய முடிவது கொஞ்சம். தன்பாத், திப்ருகர் வண்டிகளில் பொதுப் பெட்டிகள் கூட வேண்டும். கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் பொது டிக்கெட்டோடு இறங்குகிறவர்கள் விடியும் வரை காசில்லாமல் படுக்க ஒரு கூடம், குளிக்கத் தண்ணீர், இந்தியிலும் வங்காளத்திலும் அசாமியிலும் எழுதிய பஸ் விவரப் பலகை வேண்டும். ஆள் வேண்டும் என்று அழைக்கும் தோட்ட நிர்வாகங்கள் பயணச் செலவைக் கூலியில் பிடிக்காமல், முன்பதிவு டிக்கெட்டை எடுத்து அனுப்ப வேண்டும்; வந்து சேர்ந்தவருக்கு முதல் நாள் ஓய்வைக் கூலியோடு தர வேண்டும். நீலகிரித் தேயிலையால் பிழைக்கும் எல்லோரும் இந்தக் கோரிக்கைக்குக் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.