தனியே ஐரோப்பா: மிச்சம் பிடிக்கும் இடமும் பிடிக்கக் கூடாத இடமும்

“மூன்று வாரம் ஐரோப்பா சுற்றி வரப் போகிறேன், வாப்பா. முதுகில் ஒரு பை, துணைக்கு யாரும் இல்லை” என்று மகள் இராச் சாப்பாட்டின்போது சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. வாப்பா பேசாமல் எழுந்து கை கழுவப் போவார். உம்மாவின் முகம் மாறும். அந்த மகள் நீங்களாகவும் இருக்கலாம். உழைத்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு உங்கள் கையில் இருக்கலாம். ஆகவே இக்கட்டுரை மகளுக்கும் உம்மாவுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

ஒன்றை முதலிலேயே பேசிவிடுவோம். மஹ்ரம் துணையின்றிப் பெண் தூரப் பயணம் செல்வது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் தீர்ப்புச் சொல்லக்கூடிய விடயம் அல்ல இது. நீங்கள் நம்பும் ஓர் ஆலிமிடம் கேளுங்கள், வீட்டாரோடு இருந்து பேசுங்கள். அந்தப் பேச்சு விசா கிடைத்த பின்னர் அல்ல, விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னரே நடக்க வேண்டும். வெறும் ஆசையோடு போய் உட்காருவதை விட, எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்கல், என்ன செலவு என்று எழுதிய ஒரு தாளோடு உட்காருவது நல்லது.

அந்தத் தாளை எப்படி எழுதுவது? உதாரணமாக ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். ஒஸ்ட்ரியாவின் வியன்னாவில் இறங்கி 6 இரவுகள். ஹங்கேரியின் புடாபெஸ்டில் 4. குரோஷியாவின் ஸாக்ரெபில் 3. பின்னர் பொஸ்னியாவில், சரயேவோவும் மொஸ்தாரும் சேர்த்து 8. மொத்தம் 21 இரவுகள். பரிஸ், ரோம், அம்ஸ்டர்டாம் எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். மூன்று வாரத்தில் பத்துத் தலைநகர் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே கைக்காசைக் கரைக்கும் முதற் காரணம். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பயணச்சீட்டு, பை வைக்கும் கட்டணம், நிலையத்தில் வாங்கும் விலை கூடிய சாப்பாடு என்று காசு போய்க்கொண்டே இருக்கும். நின்று பார்ப்பவளுக்கே மலிவு. தவிரவும், கிழக்கே போகப் போக விலை இறங்கும்.

கட்டில், சாப்பாடு, ஊருக்குள் போக்குவரத்து எல்லாம் சேர்த்து வியன்னாவில் நாளுக்கு 65 யூரோ, புடாபெஸ்டிலும் ஸாக்ரெபிலும் 50, பொஸ்னியாவில் 40 என்பது சிக்கனமான ஒருத்திக்கு என் கணக்கு. 21 நாளுக்கு அது 1,060 யூரோ. ஊர்விட்டு ஊர் செல்ல 100 யூரோ வையுங்கள். இவை தவிர, தொடாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டிய 250 யூரோ ஒன்றும் வேண்டும். அது ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். விமானக் கட்டணம், விசா, காப்புறுதி எல்லாம் இதற்கு வெளியே.

விசா

இலங்கைக் கடவுச்சீட்டோடு ஷெங்கன் நாடுகளுக்குள் போக விசா அவசியம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப நிலையம் சேவைக் கட்டணமும் அறவிடும். மறுக்கப்பட்டால் இந்தக் காசு திரும்பாது. எந்த நாட்டில் கூடிய நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால், முதலில் நுழையும் நாட்டுக்கு. வியன்னாவுக்கு 6 இரவுகள் எழுதியதில் அந்தக் காரணமும் உண்டு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. கடவுச்சீட்டு, ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, காசு திரும்பாத பயணச்சீட்டு எதையும் வாங்காதீர்கள். கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய பதிவுகளே போதும்.

பொஸ்னியா ஷெங்கனில் இல்லை. ஆனால், பல தடவை நுழையும் ஷெங்கன் விசா உள்ளவரைத் தனி விசாவின்றிக் குறுகிய காலம் தங்க அது அனுமதிக்கிறது. ஒரு தடவை மாத்திரம் நுழையும் விசா அதற்குப் போதாது. எனவே விண்ணப்பத்திலேயே பல தடவை நுழைவைக் கேளுங்கள். ஒரு தடவைக்கே கிடைத்தால் பொஸ்னியாவுக்குத் தனி விசா எடுக்க வேண்டும், அல்லது ஸாக்ரெபோடு பயணத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

எங்கே மிச்சம்?

காலத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் எல்லாம் விலை உச்சம். மே மாதமும் செப்டெம்பரும் மலிவு, கூட்டமும் குறைவு. நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜூன் கடைசியில் வியன்னாவில் மஃரிப் ஒன்பது மணியளவில்தான். இஷா நடுநிசியை நெருங்கும், ஸுபஹும் மிக முந்திவிடும். பலர் உறங்கும் அறையில் அந்த நேரங்களில் எழுந்து நடமாடுவது இலகுவல்ல. செப்டெம்பர் முடிவில் மஃரிப் ஏழு மணிக்கு முன்னரே வந்துவிடும்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம். வாடிவீடுகளைப் போன்ற, அங்கே ஹொஸ்டல் என்று அழைக்கப்படும் தங்குமிடங்கள் பலவற்றில் பொதுச் சமையலறை உண்டு. பருப்பும் சோறும் ஆக்கத் தெரிந்தவளுக்கு அங்கே கவலையில்லை. வியன்னாவின் புரூனன் சந்தையில் துருக்கிக் கடைகள் நிறைய. காய்கறியும் பாணும் ஹலால் இறைச்சியும் வாங்கலாம். ஒஸ்ட்ரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டு, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். வியன்னாவுக்கு 1873 முதல் அல்ப்ஸ் மலையூற்று நீர் வாய்க்கால் வழியே வருகிறது. போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுப்பது வீண். இறைச்சியும் பாலும் கலந்த உணவை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. மீனுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் உம்மாவின் மாசிச் சம்பல் தப்பிவிடும். மூடியை இறுக்கிப் பூட்டுங்கள், அறையில் வேறு நாட்டுப் பிள்ளைகளும் உறங்குவார்கள்!

ஹங்கேரியில் பன்றிக் கொழுப்பு சமையலில் தாராளம். மரக்கறி உணவிலும் கேட்டே உண்ணுங்கள். பன்றியிறைச்சிக்கு ஜேர்மன் மொழியில் ஷ்வைன், ஹங்கேரியனில் ஷெர்டேஷ், பொஸ்னியனில் ஸ்வினியெடினா. மூன்றையும் அவர்கள் எழுத்திலேயே ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் கடையில் காட்டிக் கேட்கலாம்.

பையிலும் மிச்சம் உண்டு. ஏழெட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம். இலேசாகக் காயும் இரண்டு அபாயா, பருத்தி முந்தானை இரண்டு மூன்று, ஒரு கம்பளிச் சட்டை, மெல்லிய முஸல்லா, சொந்தப் பூட்டு. இவற்றோடு ஒரு சிறு வெற்றுப் போத்தல். ஏனென்றால் அங்கே பெரும்பாலான மலசலகூடங்களில் தண்ணீர் வசதி இராது. இதை எந்தப் பயண நூலும் நமக்குச் சொல்வதில்லை.

எங்கே கூடாது?

முதலாவது, இருட்டில் போய்ச் சேரும் மலிவுச் சீட்டு. இரவு பஸ்ஸில் போனால் ஓர் இரவுத் தங்கற்கூலி மிச்சம் என்று தோன்றும். அதிகாலை நாலு மணிக்கு, மொழி தெரியாத ஊரின் பஸ் நிலையத்தில், அறை திறக்கும் பகல்வரை பையோடு குந்தியிருப்பது மிச்சமல்ல. உங்கள் தாளில் ஒரு சட்டம் எழுதுங்கள்: எந்த ஊரிலும் மஃரிபுக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும். ஸாக்ரெபிலிருந்து சரயேவோவுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரப் பயணம்; எல்லையில் தாமதமும் வரலாம். காலை பஸ்ஸில் ஏறுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. வேறு பாதைகளில் ஓடும் ஒஸ்ட்ரிய இரவு ரயில்களில் பெண்களுக்கென்றே அறைப்பெட்டி கேட்டுப் பதியலாம். அது வேறு கதை.

மலிவு விமானங்களிலும் இதே வலை உண்டு. ‘பிராங்பர்ட் ஹான்’ என்று விற்கப்படும் விமான நிலையம் பிராங்பர்ட் நகரிலிருந்து சுமார் 120 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பரிஸுக்கென்று விற்கப்படும் போவேயும் அப்படித்தான், 80 கிலோமீற்றருக்கு மேல்.

இரண்டாவது, தங்குமிடம். பெண்களுக்கு மாத்திரமான அறை நாலைந்து யூரோ கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். இரவு முழுவதும் வரவேற்பில் ஆள் இருக்கும் இடமா, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் வழி எப்படி என்பவற்றைப் பெண்கள் எழுதிய அபிப்பிராயங்களைத் தேடி வாசித்தே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, அந்த 250 யூரோ. நள்ளிரவில் ஒரு டாக்ஸி, மனதுக்குப் பிடிக்காத அறையை விட்டு ஒரு நல்ல ஹோட்டலுக்கு மாறுவது, காய்ச்சலில் ஒரு நாள் படுப்பது இவற்றுக்காகவே அது. “காசு கொடுத்தாயிற்றே” என்று சகித்துக்கொண்டு ஓரிடத்தில் கிடக்காமல் இருப்பதற்கான விலை என்று நினையுங்கள். ஒரு வங்கி அட்டையோடு அதைத் தனியே வையுங்கள். அவசரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் தொலைபேசி இலக்கம் 112.

உடை பற்றியும் சொல்ல வேண்டும். முந்தானை அணிந்து வீதியில் நடக்க இந்த நான்கு நாடுகளிலும் தடையில்லை. ஆனால் முகத்தை மூடுவது ஒஸ்ட்ரியாவில் 2017 முதல் தடை. பிரான்ஸில் 2011 முதலும், சுவிற்சர்லாந்தில் 2025 ஜனவரி முதலும் அவ்வாறே. நிகாப் அணியும் சகோதரிகள் பாதையைத் தெரிவு செய்யும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டோடு பேசும் நேரத்தையும் தாளில் எழுதிவிடுங்கள். கோடையில் நமது நேரம் அங்கிருப்பதை விட மூன்றரை மணி முந்தியது. அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. உம்மா விழித்திருக்கும் நேரம்.

பொஸ்னியாவுக்கு ஏன் எட்டு இரவுகள் என்று கேட்கலாம். 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த சரயேவோவின் பெயரை நம் வீடுகளில் அறியாதவர் இல்லை. இன்று அங்கே 1531இல் கட்டப்பட்ட காஸி ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, பக்கத்து ஒழுங்கையிலேயே பாணுக்குள் வைத்த செவாபி இறைச்சியைச் சாப்பிடலாம். மூன்று வாரத்தில் மிகக் குறைந்த செலவும், சாப்பாட்டைப் பற்றி மிகக் குறைந்த யோசனையும் இங்கேதான். மொஸ்தாருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்; நெரத்வா ஆற்றோரமாகப் போகும் அந்தப் பாதைக்காகவே போகலாம். 1566இல் கட்டி, 1993 நவம்பரில் குண்டு வீசி உடைத்து, 2004இல் மீண்டும் எழுப்பிய பாலம் அங்கே இருக்கிறது. மழை நாளில் அதன் கற்கள் வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள்.

பொஸ்னியாவின் காசு மார்க். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய இரண்டு மார்க் என்ற விகிதம் மாறுவதில்லை. ஆனால் அந்தக் காசை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம். மீதியைக் கடைசி நாளில் சரயேவோவின் செம்புக் கன்னார் தெருவில் செலவழித்துவிடுங்கள். சிறிய கோப்பிச் செம்பு ஒன்று அந்த ஏழு கிலோப் பையிலும் அடங்கும்.