நைட் டூட்டி முடித்து வருபவருக்கு ஒரு வீடு

சென்னையின் மேற்குப் புறநகரில் வாடகை வீடு தேடி அலைபவர்களில் மருத்துவமனை ஊழியர்கள் தனி ரகம். முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், வானகரத்தில் அப்போலோ, வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரியும் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும், பூந்தமல்லியை ஒட்டி பனிமலர், நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளித் தண்டலத்தில் சவீதா, இந்தப் பக்கம் போரூரில் ராமச்சந்திரா, அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு என்று வரிசையாக மருத்துவமனைகள் இருக்கும் வட்டாரம் இது. கேரளத்திலிருந்தும் கன்னியாகுமரி, திருநெல்வேலி பக்கமிருந்தும் மணிப்பூர், மிசோரம் வரையிலிருந்தும் ஸ்டாஃப் நர்ஸ்கள் வருகிறார்கள். ஒப்பந்தத்தில் வரும் டெக்னீஷியன்கள், வெளிநாட்டு வேலைக்கு மொழித் தேர்வு எழுதியபடியே இங்கே அனுபவம் சேர்ப்பவர்கள், படிப்பின் நடுவே 3 மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணிக்குப் போயே ஆக வேண்டிய முதுநிலை மருத்துவ மாணவர்கள் என்று பலரும் இதில் அடக்கம். இவர்களுக்குப் பொதுவானது ஒன்று உண்டு. வரும்போது கையில் இரண்டு பெட்டி. போகும்போதும் அதே இரண்டு பெட்டிதான். கட்டில், பீரோ, அடுப்பு எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சந்தை உண்டு. பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகும் ‘டிராவல் நர்ஸ்’கள் தங்குவதற்குத் தனிப் படி வாங்குவார்கள், ஒருவரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ள முடியும். இங்கே கணக்கு வேறு. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு 2016-ல் பரிந்துரைத்தது. பரிந்துரைத்த அடிமட்டத் தொகையே அவ்வளவுதான் எனும்போது, முழு வீட்டு வாடகையைத் தனியாளாகக் கொடுக்கச் சொல்வது நடக்காத காரியம். மூன்று பேர் அல்லது நான்கு பேர் சேர்ந்துதான் எடுப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஷிப்டும் இருக்காது. ஒருவர் மார்னிங் டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் நைட் முடித்துக் கதவைத் தட்டுவார். இந்த வீட்டில் எதை எங்கே போடுவது என்பதை முடிவு செய்வது இதுதான்.

படுக்கையறையிலிருந்து தொடங்கலாம். டபுள் காட் வேண்டாம். 3 அடி அகலம், 6¼ அடி நீளமுள்ள சிங்கிள் கட்டில் ஆளுக்கு ஒன்று என்பதே சரி. அம்பத்தூர், பாடி பக்கம் இரும்புக் கட்டில் செய்து தரும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆள் மாறும்போது கழற்றி மாட்ட இரும்புதான் வசதி, மூட்டைப்பூச்சி வந்தாலும் துடைத்தெடுக்கலாம். மெத்தை தென்னைநாராக இருந்தால் இந்த ஊர் வெக்கைக்கு முதுகு வேகாது. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை அவசியம். வாடகைதாரர் மாறும்போது உறையைத் துவைத்தால் போதும், மெத்தையை மாற்ற வேண்டியதில்லை.

கட்டிலைவிட முக்கியமானது இருட்டு. நைட் டூட்டி முடிந்து வருபவர் தூங்கத் தொடங்குவது காலை 9 மணிக்கு மேல், எழுவது 3 மணி வாக்கில். மொத்த வீட்டுக்கும் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. கடையில் ‘பிளாக்அவுட்’ என்று கேட்டு வாங்கிய திரையும் பாதி வீடுகளில் வேலை செய்வதில்லை. குறை துணியில் இல்லை, கம்பியில்தான். ஜன்னல் அளவுக்குச் சரியாகக் கம்பி அடித்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கத்திபோல உள்ளே இறங்கும். சட்டத்தைத் தாண்டி இரு பக்கமும் அரை அடி, மேலே அரை அடி விட்டுக் கம்பி அடித்து, திரை தரையைத் தொடும்படி விட்டால்தான் அறை இருட்டும். பழைய வீடுகளில் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே ஒரு வென்டிலேட்டர் கண்ணாடி இருக்கும். அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிரவுன் ஷீட்டை அளவாக வெட்டி ஒட்டினால் ஐந்து நிமிட வேலை.

எந்த அறையைப் படுக்கையறையாக்குவது என்பதும் கேள்வி. மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மே மாதத்தில் மின்விசிறி சுழற்றுவது அனல்காற்றைத்தான். வடக்கு அல்லது கிழக்கு பார்த்த, தனக்கு மேலே இன்னொரு தளமாவது உள்ள அறை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மாடித் தரைக்கு வெள்ளை கூல்ரூஃப் பெயிண்ட் அடிப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய மலிவான உபகாரம். போர் மோட்டாருக்குப் பக்கத்து அறையும் ஆகாது. திருவேற்காடு, பூந்தமல்லி பக்கமானால் ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் கோயிலின் ஒலிபெருக்கி எந்தத் திசை பார்த்துக் கட்டப்படும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்று பேர் தங்கும் இரண்டு படுக்கையறை வீட்டில் அதிகம் பயன்படும் ஏற்பாடு ஒன்று உண்டு. உள்ளறையை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. ரோஸ்டரில் அந்த வாரம் யாருக்கு நைட் விழுகிறதோ அந்த அறை அவருக்கு. இது நடக்க வேண்டுமானால் பீரோக்கள் உள்ளறையில் இருக்கக்கூடாது. மாற்றுச் சேலைக்கும் சார்ஜருக்கும் மற்றவர்கள் அந்தக் கதவைத் திறந்துகொண்டே இருந்தால் திரை எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை. ஆளுக்கொரு சின்ன இரும்பு பீரோ, தனித்தனிப் பூட்டு, எல்லாம் ஹாலில் அல்லது நடைவழியில். ஹாலில் பீரோ நிற்பது பார்க்க லட்சணமாக இருக்காது என்று வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். லட்சணத்துக்காக யாரும் இந்த வீட்டுக்கு வரவில்லை.

அடுத்தது மின்சாரம். பராமரிப்புப் பணிக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்றுதான் நாளிதழில் அறிவிப்பு வரும். மற்றவர்களுக்கு அது ஆபீஸ் நேரம், நைட் முடித்தவருக்கு நடுநிசி. எனவே இன்வர்ட்டர் இந்த வீட்டில் ஆடம்பரச் சாமான் அல்ல. 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால் இரண்டு சாதாரண மின்விசிறிகள் அந்த ஐந்து மணி நேரத்தைத் தாண்டி ஓடும். 30 வாட் அளவே இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறியாக இருந்தால் இன்னும் கூடுதலாக. ஏ.சி. போடுவதானால் ஒரு விஷயத்தை முன்பே பேசிவிட வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். பகலெல்லாம் ஏ.சி. ஓடும் வீடு இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்காது. ஏ.சி.க்கு மட்டும் ஒரு துணை மீட்டர் வைத்தால், மார்னிங் டூட்டிக்காரர் நைட் டூட்டிக்காரரின் குளிருக்குப் பணம் கட்டும் சண்டை வராது.

வாசலில் ஒரு மூடிய செருப்பு ரேக், அதன் பக்கத்தில் மூடிபோட்ட ஒரு கூடை. வார்டில் போட்டிருந்த யூனிஃபார்ம் மற்ற அழுக்குத் துணியோடு கலக்காமல் நேராக இந்தக் கூடைக்குப் போகும். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் துவைத்தால் கிட்டத்தட்ட எல்லா நுண்ணுயிரும் போய்விடும் என்கிறது இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை தன் ஊழியர்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டல். ஹீட்டர் உள்ளே பொருத்திய வாஷிங் மெஷின் இருந்தால் இது எளிது. ஆனால் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு மேல்தளத்தில் அழுத்தம் போதாது; முன்பக்கம் திறக்கும் மெஷின்கள் அங்கே பிழையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மேல்தள வீடுகளுக்கு ஹீட்டர் வைத்த டாப்லோடு வாங்குவதே புத்திசாலித்தனம். கொடிக்கயிறு மாடியில் மட்டுமல்லாமல் பால்கனியிலும் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு செட் யூனிஃபார்மோடு காலம் தள்ளுபவருக்கு அதன் அருமை தெரியும்.

தண்ணீர் உப்பு என்பது இந்தப் பக்கத்தில் பல தெருக்களில் கேட்கும் புலம்பல். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. இதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். அளந்து பார்த்துவிட்டு ஆர்.ஓ. வைப்பதா, 20 லிட்டர் கேனோடு நிறுத்திக்கொள்வதா என்று முடிவு செய்யலாம். குறுகிய காலம் தங்குபவர்களுக்குக் கேனே போதும், ஒரு ஸ்டாண்டும் பம்பும் வைத்துக் கொடுத்தால் சரி. ஏரிகள் சூழ்ந்த வட்டாரம் என்பதால் ஜன்னலுக்குக் கொசுவலை கட்டாயம். பகலில் தூங்குபவரைத்தான் டெங்கு கொசு தேடி வரும். தரைத்தள வீடானால் 2023 டிசம்பரின் மிக்ஜாம் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டே இன்வர்ட்டரை எந்த உயரத்தில் மாட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

சமையலறையில் பெரும் தலைவலி காஸ் இணைப்பு. மூன்று மாதம் தங்குபவர் முகவரிச் சான்று காட்டி 14.2 கிலோ சிலிண்டர் வாங்க முடியாது. இதற்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயில் ‘சோட்டு’ என்று 2020-ல் பெயர் சூட்டிய இந்த வகையை முகவரிச் சான்று இல்லாமல் ஓர் அடையாள அட்டையை வைத்தே வாங்கலாம். கூடவே ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு. அடிப்பாகம் தட்டையான பாத்திரங்களையும் சேர்த்து வைத்தால்தான் அதற்கு அர்த்தம். ஃபிரிட்ஜ் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மூன்று ஷிப்டுக்காரர்களும் வேறு வேறு நேரத்தில் சமைத்து, டப்பாவில் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். குக்கர் இரண்டு, ஒன்று மட்டை அரிசிக்கென்றே போய்விடும். ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனை உள்ள வீட்டுக்காரர் அதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை.

சோபா, டி.வி., ஷோகேஸ் எதுவும் தேவையில்லை. மடக்கும் மேசை ஒன்று, நாற்காலி மூன்று, வேகமான வைஃபை. எல்லாவற்றையும் விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ரென்டோமோஜோ, ஃபர்லென்கோ போன்ற நிறுவனங்கள் சென்னையில் கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை மாத வாடகைக்குத் தருகின்றன. ஆனால் ஓராண்டுக்கு மேல் இதே தொழிலைச் செய்ய நினைக்கும் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக வாங்குவதுதான் லாபம்.

பொருளைப் போட்டாயிற்று, இனி காகிதம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி எந்த வாடகைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இந்த வாடகைதாரர்களிடம் செல்லாது. மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறவரிடம் ஒரு மாத அட்வான்ஸுக்கு மேல் கேட்டால் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பலர் படிப்பதில்லை. வெள்ளையடிப்பதும் குழாய், வயரிங் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. கீசர் பழுது, சுவிட்ச், பூட்டு, கொசுவலை மாற்றுவது எல்லாம் வாடகைதாரர் தலையில். பத்து வருடம் குடியிருப்பவருக்கு இது நியாயம். வந்த இரண்டாவது வாரத்தில் பழைய கீசர் படுத்துவிட்டால் அதற்கு நர்ஸ் செலவழிக்க வேண்டும் என்பது அநியாயம். எனவே சாமான்களோடு விடும் வீட்டில் இந்தப் பழுதுகளெல்லாம் வீட்டுக்காரருடையவை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மொத்த வீட்டையும் ஒரே ஒப்பந்தத்தில் விடுவது வேறு, கட்டில் கணக்கில் பெண்களுக்கு விட்டுச் சாப்பாடும் போடுவது வேறு. இரண்டாவது வகை, மகளிர் விடுதிகளுக்கான 2014-ம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்துவிடும். மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் நடத்த முடியாது. ஜி.எஸ்.டி.யிலோ யார் வீட்டை எடுக்கிறார் என்பதில் வித்தியாசம் உண்டு. தனிநபர் குடியிருக்க எடுக்கும் வீட்டுக்கு வரி கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் தன் ஊழியர்களுக்காக வீடு எடுத்தால், 2022 ஜூலை 18 முதல் 18 சதவீத வரியை அந்த நிறுவனமே கட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு பட்டியல். கட்டில் முதல் கரண்டி வரை எண்ணிக்கையும் நிலையும் எழுதி, கீறல் உள்ள இடங்களைப் போனில் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். காலி செய்யும் நாளில் அதை வைத்துச் சரிபார்த்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்கிறது சட்டம்.