மாத்திரை விழுங்குவது அவிசுவாசமா?



சில காரியங்களைப் பிரசங்க பீடத்தில் நின்று சொல்வது எளிதல்ல. இதுவும் அப்படிப்பட்ட ஒன்றே. மும்பையில் ஊழியம் செய்துவரும் நான், நான்கு ஆண்டுகளாக ஒரு மாத்திரை டப்பாவை வேதாகமப் பைக்குள் ஒளித்து எடுத்துச் சென்றேன். வியாதியஸ்தர்மேல் கைவைத்து ஜெபிக்கிற போதகரே மருந்து சாப்பிடுகிறாரே என்று விசுவாசிகள் இடறிப்போவார்களோ என்னும் பயமே அதற்குக் காரணம். அந்த மறைவு என்னை மரண வாசல்வரை கொண்டுபோயிற்று. உங்களில் ஒருவருக்காவது பிரயோஜனப்படும்படி அதை இங்கே எழுதுகிறேன்.

என் வியாதியின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இருதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு என்று நான்கு அறைகள் உண்டு. வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசு மின்துடிப்பை எழுப்ப, நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை இருதயம் ஒழுங்காகத் துடிக்கிறது. இந்த வியாதியிலோ, மேலறைகள் நிமிடத்துக்கு 300-க்கும் மேலாக வெறுமனே நடுங்குகின்றன. நாடி பிடித்துப் பார்த்தால் ஒன்று வேகமாகவும், ஒன்று தாமதமாகவும், ஒழுங்கில்லாமல் ஓடும். சிலருக்குப் படபடப்பும் மூச்சிரைப்பும் வரும். சிலருக்கு எந்த அறிகுறியுமே இராது.

படபடப்பைவிட அதிக ஆபத்து வேறொன்று உண்டு. மேலறை சரியாகச் சுருங்காதபடியால் அங்கே இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். இவ்வியாதி உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம்.

நான் செய்த தவறு

எனக்கு வைத்தியர் இரண்டு மருந்துகள் கொடுத்திருந்தார். துடிப்பின் வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால். இரத்தம் உறையாதிருக்க ரிவராக்சபன். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எனக்கு இருப்பதால் இரண்டாவது மருந்தைத் தவறவே கூடாது என்று எச்சரித்தும் இருந்தார்.

ஆனால் மருந்து தொடங்கியதிலிருந்து சரீரத்தில் தீராத அசதி. தாராவியில் வீடு சந்திக்கப் போனால், ஏணிபோல் நிற்கும் படிகளில் பாதியிலேயே நின்றுவிடுவேன். கைவிரல்கள் சில்லிட்டுப்போகும். இராத்திரியில் கலக்கமான சொப்பனங்கள். இவற்றை நான் வைத்தியரிடம் சொல்லவில்லை. போதகர் முறுமுறுக்கலாமா என்று எண்ணினேன்.

சபையில் 21 நாள் உபவாச ஜெபம் வந்தது. மூன்றாம் நாள் மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். விசுவாசத்தினால் நிறுத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதி விசுவாசம், பாதி சலிப்பு. ஒன்பதாம் நாள் அதிகாலை ஜெபத்தில் என் நாவு குழறியது. வலது கையிலிருந்த வேதாகமம் நழுவித் தரையில் விழுந்தது. ஒரு கால் மணி நேரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. ஆனாலும் என் மனைவி என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் விடவில்லை.

"பாஸ்டர், இது தற்காலிகமான பக்கவாதம். அடுத்தது தற்காலிகமாக இராது. மருந்தை நிறுத்தச் சொன்னது யார்?" என்று வைத்தியர் கேட்டார். கர்த்தர் சொன்னார் என்று சொல்ல என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. மௌனமாயிருந்தேன்.

பிறகு நான்கு ஆண்டுகள் சொல்லாத அசதியைச் சொன்னேன். அவர் மெட்டோப்ரோலால் அளவைக் குறைத்து, நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் படி ஏறும் பெலன் வந்தது. ஐந்து நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது.

பக்க விளைவுகளை அறிந்துகொள்ளுங்கள்

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளால் அசதி, தலைசுற்றல், நாடி மிகவும் குறைதல் ஆகியவை வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும். டில்டியாசெம் சிலருக்குக் கணுக்கால் வீக்கமும் மலச்சிக்கலும் தரும். டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்குப் பசியின்மையும் வாந்தியும் உண்டாகி, பார்வை மஞ்சளாகத் தோன்றினால், மருந்து சரீரத்தில் மிஞ்சிப்போயிருக்கலாம். அன்றைக்கே வைத்தியரைக் காணுங்கள்.

அமியோடரோன் துடிப்பை ஒழுங்குபடுத்தும் வல்லமையான மருந்து. அதில் அயோடின் மிகுதி. ஆகையால் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கக்கூடும். கல்லீரல், நுரையீரல், கண் ஆகியவற்றையும் தொடலாம். வெயில் பட்டால் தோல் எரியும். குடையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை செய்வார்கள். வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ புதிதாக வந்தால் காத்திராதேயுங்கள். இம்மருந்து நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சரீரத்தில் தங்கும்.

நம் தேசத்தில் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கி, இளவயதிலேயே இவ்வியாதிக்குள்ளாகும் சகோதரிகள் அநேகர். அவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் கொடுக்கப்படுகிறது. புதிய மருந்துக்கு மாறலாமே என்று பிறர் சொல்வதைக் கேட்டுத் தாங்களாக மாறக்கூடாது. இப்படிப்பட்ட வால்வு நோயாளிகளிடம் ரிவராக்சபனைவிடப் பழைய வகை மருந்தே நல்ல பலன் தந்ததாக 2022-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இவர்கள் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்யவேண்டும். பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருப்பது நலம். முருங்கைக்கீரையையும் பாலக்கையும் அடியோடு விலக்கவேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். கர்ப்பம் தரிக்க எண்ணுகிறவர்களும், தரித்தவர்களும் தாமதமின்றி வைத்தியரிடம் சொல்லவேண்டும். இம்மருந்துகள் சிசுவைப் பாதிக்கக்கூடும்.

இரத்தம் உறையாதிருக்க எந்த மருந்து சாப்பிட்டாலும், மூட்டு வலிக்குக் கடையில் தானாக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்காதேயுங்கள். இரத்தக் கசிவு உண்டாகும். நாட்டு மருந்தையும் கேட்டே சாப்பிடுங்கள். மலம் கறுத்துப்போனாலும், தலையில் அடிபட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தங்கும் நாட்களுக்கும் அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் மாத்திரைகளையும், மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

உபவாச நாட்களில்

ரிவராக்சபன் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடு சாப்பிடவேண்டும். வெறும் வயிற்றில் அது சரியாகச் சரீரத்தில் சேராது. அதன் காவல் ஏறக்குறைய ஒரு நாளுக்கே நிற்கும். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு முன்னிலும் அதிகமாய்ப் பாயும். ஆகையால் உபவாசத்துக்கு முன்பாக வைத்தியரிடம் கேளுங்கள். நான் இப்போது அவருடைய சம்மதத்தோடு மதியம்வரை மாத்திரம் உபவாசித்து, இராப்போஜனத்தோடு ரிவராக்சபன் எடுத்துக்கொள்ளுகிறேன். என் ஜெபம் இதனால் குறைந்துபோகவில்லை.

சாட்சி சொல்லுமுன்

கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார் என்று நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். ஆனால் இயேசு தாம் சுத்தமாக்கிய குஷ்டரோகியை ஆசாரியனிடத்தில் போய்த் தன்னைக் காண்பிக்கச் சொன்னதைக் கவனியுங்கள் (மத்தேயு 8:4). மெய்யான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது. ஒரு நாள் ஈ.சி.ஜி. சரியாயிருந்தாலும் இவ்வியாதி மறைந்து மறைந்து வரும். ஆகையால் மருந்தை நிறுத்தும் தீர்மானத்தை வைத்தியரிடமே விடுங்கள். எசேக்கியா ஜெபித்தான், ஏசாயா அத்திப்பழத்தைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் (ஏசாயா 38:21). பவுல் தீமோத்தேயுவின் பலவீனத்துக்காகக் கொடுத்த ஆலோசனையும் நாம் அறிந்ததே (1 தீமோத்தேயு 5:23). இவர்களில் ஒருவரையும் அவிசுவாசி என்று நாம் சொல்லுவதில்லையே.

முகம் ஒரு பக்கம் கோணினாலும், கை சோர்ந்தாலும், பேச்சு குழறினாலும், முதலில் மணியைப் பாருங்கள், 108-ஐ அழையுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். போகும் வழியில் ஜெபியுங்கள். ஜெபித்து முடித்துப் போகலாம் என்று காத்திராதேயுங்கள்.

நான் குணமடைந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, நடந்ததையெல்லாம் சபைக்கு அறிவித்தேன். ஒருவரும் இடறிப்போகவில்லை. ஆராதனை முடிந்தபின் மூன்று பேர் தனித்தனியாக என்னிடத்தில் வந்தார்கள். அவர்களும் மறைத்தே மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களில் ஒரு தாயார், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். அன்றே சபையார் அவர்களுடைய மருந்துச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். நான் நான்கு ஆண்டுகள் மறைத்ததினால் அந்தத் தாயாரும் தன் பாரத்தைச் சொல்ல வழியில்லாதிருந்தது என்பதை நினைக்கையில் இன்றும் என் உள்ளம் குத்துண்கிறது.

பிரியமானவர்களே, உங்கள் சபையிலும் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கக்கூடும். அவர் பேசுவதற்கு நீங்கள் வாசலைத் திறந்துவையுங்கள். என் மாத்திரை டப்பா இப்பொழுது வேதாகமப் பையில் இல்லை. வீட்டில் எல்லாரும் காணும்படி சாப்பாட்டு மேசையின்மேல் இருக்கிறது. போஜனத்துக்காக ஸ்தோத்திரம் செலுத்தும்போது அதற்காகவும் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

கர்த்தர்தாமே உங்கள் சரீரத்தையும் ஆத்துமாவையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.