மறைந்திருந்து காக்கும் கருவி

சிதம்பரத்தில் வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் கடலூரில் பணிபுரிகிறார். இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவு. நாள்தோறும் ரயில் நிலையம் வரை ஸ்கூட்டரில் வந்து, அதைச் சாலையோரம் நிறுத்திவிட்டு ரயில் ஏறுவார். ஒருநாள் மாலை திரும்பியபோது ஸ்கூட்டர் அங்கு இல்லை. அதற்கான கடனில் இன்னும் 14 தவணைகள் பாக்கி. காப்பீடு இருந்தது, ஆனால், அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அதில் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது.

இது அவர் ஒருவரின் அறியாமை அன்று. 2018 செப்டம்பர் முதல், புதிய இருசக்கர வாகனத்தை வாங்கும்போதே ஐந்து ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கப்பட்டுவிடுகிறது. 'காப்பீடுதான் இருக்கிறதே' என்ற நினைப்பில், திருட்டையும் சேதத்தையும் ஈடுசெய்யும் தனிக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவோர் பலர். வண்டி போனால், தவணை மட்டும் மிஞ்சும்.

பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிய அந்த மாணவர், 'ஐயா, இதில் இருப்பிடம் காட்டும் கருவியை மறைத்து வைக்கலாமா?' என்று கேட்டார். வைக்கலாம் என்றேன். அதோடு, அந்தக் கருவி அவருடைய வண்டியை மட்டும் காப்பதில்லை என்றும் சொன்னேன்.

சக்கரப் பூட்டை எடுத்துக்கொள்வோம். அது கண்ணுக்குத் தெரியும். பூட்டிய வண்டியைக் காணும் திருடன், பூட்டில்லாத அடுத்த வண்டிக்கு நகர்கிறான். நம் வண்டி தப்பியது. பக்கத்து வண்டி போனது. ஊரில் திருட்டு குறையவில்லை, இடம் மாறியது. பூட்டு வாங்க இயலாதவரின் தலையில் அந்தச் சுமை இறங்குகிறது.

மறைத்து வைக்கப்படும் கருவியின் இயல்பு வேறு. எந்த வண்டியில் அது இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. நூறு வண்டிகளில் பத்தில் இருந்தாலும், நூறையும் அவன் ஐயத்தோடுதான் தொட வேண்டும். ஒருவர் செய்யும் செலவின் நன்மை, அதைச் செய்யாத பிறருக்கும் போய்ச் சேர்கிறது. பொருளியலில் இதை 'நேர்மறைப் புறவிளைவு' என்போம்.

இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986-இல் 'லோஜாக்' என்ற கருவி அறிமுகமானது. காரினுள் மறைத்து வைக்கப்படும் சிறு வானொலி அலைபரப்பி அது. கார் திருடுபோனதாகப் புகார் வந்ததும் அது இயக்கப்படும். காவல் துறையினர் அலையைப் பின்தொடர்ந்து காரை மீட்பர். காரின் வெளிப்புறத்தில் எந்த அடையாளமும் இராது. இதை ஆராய்ந்த இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் ஆகியோர் 1998-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். நகர மையப் பகுதிகளில் பொருத்தப்பட்ட ஒவ்வொரு மூன்று கருவிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு கார் திருட்டு குறைந்தது. அந்த நன்மையில் கருவியை வாங்கியவருக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம் மட்டுமே. எஞ்சியது ஊருக்குச் சென்றது.

மெக்ஸிகோவின் அனுபவம் இதன் மறுபக்கம். அங்கு சில மாநிலங்களில், குறிப்பிட்ட ஃபோர்டு கார் வகைகளில் மட்டும் இதே கருவி பொருத்தப்பட்டது. எவை அந்தக் கார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவை திருடுபோகும் வாய்ப்பு 48 சதவீதம் குறைந்தது. ஆனால், குறைந்த திருட்டுகளில் சுமார் 18 சதவீதம் கருவி இல்லாத மாநிலங்களுக்கு இடம்பெயர்ந்தது என மார்கோ கொன்சாலஸ்-நவாரோ 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடலூர் மாவட்டத்தின் வடக்கே புதுச்சேரி. தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். திருடிய ஸ்கூட்டர் ஒரு மணி நேரத்துக்குள் எல்லை கடந்துவிடக்கூடிய நமக்கு, இந்தப் பாடம் பொருந்தும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே அளவுகோல் உதவும். சந்தையில் இரு வகைகள் உள்ளன. முதலாவது ஜிபிஎஸ் கருவி. செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்து, உள்ளிருக்கும் சிம் அட்டை வழியாக உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பும். இரண்டாவது, சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லை. இதற்கு சிம் இல்லை. அருகில் செல்வோரின் கைப்பேசிகள் வழியாகத் தன் இடத்தைத் தெரிவிக்கும். விலை குறைவு. ஆனால், பிறரை வேவு பார்க்க இது பயன்படுவதைத் தடுக்க, முன்பின் அறியாத வில்லை ஒன்று உடன் வந்தால் எச்சரிக்கும் பொது ஏற்பாட்டை ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் கொண்டுவந்தன. தேவையான ஏற்பாடுதான், ஆனால், அந்த எச்சரிக்கை திருடனின் கைப்பேசிக்கும் போகும். எனவே, வில்லை தொலைந்த சாவியைத் தேட உதவலாம். வண்டிக்கு அதை மட்டும் நம்புவது போதாது.

ஜிபிஎஸ் கருவியைப் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னே வைக்க வேண்டும். சுற்றிலும் உலோகம் இருந்தால் அலைகள் தடைபடும். வண்டியின் மின்கலத்திலிருந்து இணைப்பு பெறுவதோடு, இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் சிறிது நேரம் இயங்கத் தனி மின்கலமும் அதற்கு இருத்தல் நலம். இருக்கையைத் தூக்கியதும் தெரியும் இடத்தில் வைத்தால் பயனில்லை. சிம் அட்டைக்கான ஆண்டுக் கட்டணம் தீர்ந்துபோனால் அது வெறும் பெட்டி.

கருவி இடத்தைக் காட்டும். வண்டியை மீட்டுத் தராது. திரையில் புள்ளி நகர்கிறதே என்று உரிமையாளரே துரத்திச் செல்வது உயிருக்கு ஆபத்து. உடனே காவல் துறையை அழைத்து இருப்பிடத்தைத் தெரிவிப்பதே முறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, மின்னணு வழியிலும் புகார் அளிக்கலாம். மூன்று நாள்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தது என்பதும் புகாரைப் பெறுவதற்குத் தடையாகாது. லோஜாக் வென்றதற்குக் காரணம் கருவி மட்டுமன்று. அதன் அலையைக் கேட்டதும் புறப்பட்ட காவல் வாகனமும்தான். நேரலையில் இருப்பிடம் தெரிந்தும் நடவடிக்கை மறுநாளைக்குத் தள்ளிப்போனால், கருவிக்கு எந்தத் திருடனும் அஞ்சமாட்டான்.

இன்னொன்றையும் மாணவரிடம் சொன்னேன். அந்த ஸ்கூட்டரை அவருடைய மனைவியும் கல்லூரி செல்லும் மகளும் ஓட்டுகின்றனர். கருவி திருடனுக்குத் தெரியக்கூடாது. வீட்டாருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. வண்டியைக் காக்க வைத்த கருவி, மகள் எங்கெல்லாம் போகிறாள் என்று ஒற்றறியும் கருவியாகிவிடக் கூடாது.

பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவியை மத்திய அரசின் விதிகள் ஏற்கெனவே வலியுறுத்துகின்றன. இருசக்கர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. எளியோர் மீது புதிய கட்டாயச் செலவைச் சுமத்த வேண்டாம் என்பதால் அந்த விலக்கு தொடரட்டும். ஆனால், நன்மையின் பெரும்பகுதி ஊருக்குப் போகும்போது, செலவு முழுவதையும் தனிநபரே ஏற்க வேண்டும் என்றால் வாங்குவோர் குறைவாகவே இருப்பர். காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் கணிசமான தள்ளுபடி தரலாம். குறைந்த வருவாயினரின் வாகனக் கடனோடு கருவிக்கு அரசு மானியம் வழங்கலாம். எல்லா நிறுவனங்களின் வண்டிகளிலும், வெளியே எந்த அடையாளமும் இன்றி, ஆங்காங்கே அது பரவியிருக்க வேண்டும்.

மாணவர் தம் ஸ்கூட்டரில் கருவியைப் பொருத்திவிட்டார். 'ஜிபிஎஸ் உள்ளது' என்று ஒட்டுவில்லை ஒட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருடைய வண்டிக்கு அருகே நிற்கும் வண்டியும் யாரோ ஒருவரின் தவணைக் கடன்தான்.

- கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).