குதிரையின் நொண்டல்

நேற்றுவரை நன்கு ஓடிய குதிரை இன்று திடீரென நொண்டுவதுண்டு. தன் துன்பத்தை எடுத்துரைக்க அதற்கு வாயில்லை. ஆதலின், வளர்ப்பவரே காரணத்தை ஆராய்ந்தறிதல் வேண்டும்.

காலை ஊன்றவே மறுப்பின் எலும்பு முறிந்திருத்தலும் கூடும். அந்நிலையில் அதனை நடத்தலாகாது. ஊன்றுமாயின், சமநிலத்தில் மெல்ல நடத்திப் பார்க்கலாம். வலியுள்ள முன்னங்கால் நிலத்தில் படும்பொழுது குதிரை தலையை உயர்த்தும். நலமுள்ள கால் படும்பொழுது தாழ்த்தும்.

பின்னர்க் குளம்பை ஆராய்தல் வேண்டும். திடீரெனத் தோன்றும் கடும் நொண்டலுக்குக் குளம்பினுள் கட்டும் சீழே பெரும்பாலும் காரணமாகும். குளம்பு சுடுதலும், அதற்கு மேலுள்ள நாடி வலிந்து துடித்தலும், இடுக்கியால் அழுத்துங்கால் குதிரை காலை இழுத்துக்கொள்ளுதலும் அதன் அறிகுறிகள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்று தொழிற்சாலைகள் மிக்க இடங்களில், வழியிற் கிடக்கும் ஆணி குளம்பில் தைத்தல் கூடும். அதனை உடனே பிடுங்கிவிடின், அது சென்ற வழியும் ஆழமும் மறைந்துபோம். கால்நடை மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தால் அவற்றைக் கண்டறிவர். இத்தகைய மருத்துவரைப் பயிற்றும் கல்லூரி சென்னையில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது.

சிறு புண்தானே என்று இகழ்தல் தவறு. குதிரை ரணஜன்னிக்கு எளிதில் இரையாகும். தடுப்பூசி அதனைக் காக்கும். காரணம் அறியாது மருந்து தேடுவதினும், பொறுமையுடன் குளம்பை நோக்குதலே குதிரையைக் காக்கும் முதல் வழியாகும்.