தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு?

பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கிணற்றுக்கட்டு இடிந்திருக்கும். வளவு பற்றை பிடித்திருக்கும். வீதியில் டிப்பர்கள் ஓடும். இந்த நேரத்தில் உங்களால் ஒருவருக்கோ, ஒருவரால் உங்களுக்கோ தீங்கு நேரலாம். அப்போது செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள்.

கவலையீனமும் தற்செயலும்

நடந்த எல்லாத் தீங்குக்கும் நட்டஈடு கிடைக்காது. சாதாரணமாக ஒருவர் எடுக்கக்கூடிய கவனத்தை எடுக்காததால் தீங்கு நேர்ந்திருந்தால், அவரே பொறுப்பாளி. திறந்த கிணறு இருப்பதை அறிந்தும் மூடாமலோ வேலி அடைக்காமலோ விட்டு, அயல் வீட்டுப் பிள்ளை அதில் விழுந்தால், காணியில் குடியிருப்பவர் பதில் சொல்ல வேண்டி வரலாம். ஆகவே வந்த முதல் வாரத்திலேயே கிணற்றை மறையுங்கள்.

பற்றையை எரிக்கும்போது தீ பரவி அடுத்த வளவின் வேலியை எரித்தாலும் இதே நிலைதான். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உறுதியாகாத காணியில் தீ வைக்கவே வேண்டாம், அது உயிராபத்து.

காயப்பட்டவரிடமும் கவலையீனம் இருந்தால், அவருக்குக் கிடைக்கும் தொகை அதற்கேற்பக் குறையும்.

வாகன விபத்து

சாரதி வேலை நேரத்தில் விபத்தை ஏற்படுத்தினால், அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பாளி. வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். எனவே வாகன இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

பொலிஸ் வழக்கும் நட்டஈட்டு வழக்கும் வேறு வேறு. சாரதிக்கு விதிக்கப்படும் தண்டப்பணம் அரசுக்கே செல்லும். மருத்துவச் செலவு, இழந்த உழைப்பு, பட்ட வேதனை ஆகியவற்றுக்கான நட்டஈட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். குடும்பத்தைத் தாங்கியவர் இறந்தால், அவரை நம்பியிருந்தவர்களும் கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காயமாயின் முதலில் வைத்தியசாலை. பின் பொலிஸ் முறைப்பாடு. முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.
• மருந்துச் சிட்டை, பற்றுச்சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.
• கண்டவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் எழுதிவையுங்கள்.
• அயலவருடனான சிறு பிணக்குகளை மத்தியஸ்த சபையில் தீர்க்கலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. சட்டம் குறித்த தொகைக்குக் குறைந்த பிணக்குகள் பல, முதலில் சபைக்கே செல்ல வேண்டும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம்.
• வழக்குச் செலவுக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை அலுவலகத்தை நாடுங்கள்.

மறக்கக்கூடாத இரண்டு

தீங்குக்கான நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறதென்று காத்திருந்து காலத்தைத் தவறவிடாதீர்கள்.

விபத்து நடந்த அன்றே ஒரு சிறு தொகையைத் தந்து, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பம் கேட்பார்கள். கால் முறிவு ஆற எவ்வளவு காலமெடுக்கும், எவ்வளவு செலவாகும் என்று அன்று எவருக்கும் தெரியாது. கையொப்பமிட்டால் பிறகு கேட்பது மிகக் கடினம். உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள். முதலில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.